வாரம் ஒரு மணி நேரம், கையில் ஒரு கதைப் புத்தகம்

சில வரிகளே கொண்ட ஒரு சிறுகதை. இரண்டாம் வகுப்புப் பாடநூலின் அளவுக்கு எளிமையானது. அதனைக் குழந்தையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார், வீடு தேடி வந்திருக்கும் தன்னார்வலர். 2005-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் கிராமங்களில் நடைபெற்றுவரும் 'அசர்' கல்வி ஆய்வில் தவறாமல் இடம்பெறும் காட்சி இது. 2024-ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஐந்தாம் வகுப்பில் பயிலும் கிராமப்புறக் குழந்தைகளுள் அத்தகைய கதையைப் படிக்க இயன்றவர்கள் 48.8 சதவீதத்தினர் மட்டுமே. எஞ்சியோரும் பள்ளிக்குச் செல்பவர்களே. ஆயினும் எழுத்து அவர்களுக்கு இன்னும் வசப்படவில்லை.

கணக்கும் அறிவியலும் வரலாறும் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை நம்பியே நிற்கின்றன. அத்திறன் வாய்க்காத குழந்தை ஆண்டுதோறும் வகுப்பேறினாலும் பாடத்திலிருந்து விலகிக்கொண்டே போகிறது. வீட்டில் கதைப் புத்தகமும், அதைப் படித்துக் காட்டப் பெரியவர் ஒருவரும் இருந்தால் இக்குறை ஓரளவு நீங்கும். அவ்விரண்டும் இல்லாத ஏழைக் குழந்தைகளுக்காகவே தன்னார்வலர்களின் வாசிப்பு முகாம்கள் நாடெங்கும் நடைபெறுகின்றன.

ஜான்பூர் தந்த பாடம்

மும்பையின் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்காக 1995-இல் தொடங்கப்பட்ட 'பிரதம்' அமைப்பு, பின்னர் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் ஒரு முயற்சியை மேற்கொண்டது. உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாட்கள் மட்டுமே பயிற்சியளித்து, பள்ளி நேரத்திற்குப் புறம்பாக வாசிப்பு முகாம்களை நடத்தச் செய்தது. 2019-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர்களான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தம் சக ஆய்வாளர்களுடன் இம்முயற்சியின் பயனை அளந்தனர். முகாமுக்கு வந்த குழந்தைகளின் வாசிப்புத் திறன் தெளிவாக உயர்ந்திருந்தது. ஆசிரியப் பட்டம் பெறாதவரும் குழந்தைக்கு எழுத்தறிவிக்க முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று.

அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டியது. முகாமுக்கு வந்தவர்கள் ஊர்க் குழந்தைகளுள் சிறு பகுதியினரே. கற்பிக்க ஆள் கிடைத்தும் குழந்தைகள் வரவில்லையெனில் பயனில்லை. ஆகவே, குழந்தையைத் தானே விரும்பி வரச் செய்வது எது என்னும் கேள்வி எழுகிறது.

தேஜுவில் ஒரு நூலகம்

இக்கேள்விக்கு விடை தேடுவோர் அருணாசலப் பிரதேசத்தின் லோஹித் மாவட்டத்தை நோக்கலாம். கேரளத்தைச் சேர்ந்த சத்யநாராயணன் முண்டயூர், மும்பையில் வருமான வரித் துறைப் பணியைத் துறந்து 1979-இல் அருணாசலத்திற்குச் சென்று கல்விப் பணியில் ஈடுபட்டார். 'அங்கிள் மூசா' என்று குழந்தைகளால் அழைக்கப்படும் அவருடைய முயற்சியால், 2007-இல் தேஜு நகரில் 'பம்பூசா' நூலகம் உருவானது. அங்கே புத்தகங்கள் அலமாரியில் அடுக்கப்பட்டதோடு பணி முடிந்துவிடவில்லை. குழந்தைகள் கதைகளை உரக்கப் படித்தனர், பாடல்களை ஒப்புவித்தனர், படித்த கதையைக் குறுநாடகமாக நடித்தனர். வாசித்துப் பழகிய மூத்த மாணவர்கள் இளையோருக்கு வழிகாட்டும் தன்னார்வலர்கள் ஆயினர். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஓவியமும் நடிப்பும் கைவினையும் வாசிப்புக்குப் பிந்திய பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டு. உண்மையில், எழுத்தைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு அவையே வாயிற்கதவு. கதையில் வரும் யானையைத் தன் கையால் வரைந்த சிறுமி, அந்த யானையின் பெயர் எங்கே அச்சாகியுள்ளது என்று தானே தேடுவாள். பிழையாகப் படித்தால் நகைப்புக்கு ஆளாகும் வகுப்பறை அச்சமும் அங்கே அவளுக்கு இல்லை.

நாம் தொடங்குவது எப்படி?

• தனியே தொடங்காமல், அருகிலுள்ள அரசுப் பள்ளி, அங்கன்வாடி, நூலகம் அல்லது நற்பெயருள்ள தொண்டு நிறுவனத்தின் அனுமதியுடன் செல்லுங்கள். பெற்றோர் ஒப்புதலின்றிக் குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம்.

• புத்தகத்திற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. 'பிரதம் புக்ஸ்' நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கதைகள் உள்ளன. இலவசமாகத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

• வகுப்பை விடுத்து, வாசிப்பு நிலையைக் கொண்டு குழந்தைகளைக் குழுக்களாகப் பிரியுங்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்கும் எழுத்துகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம்.

• முதலில் நீங்கள் படித்துக் காட்டுங்கள். பின்னர்ச் சேர்ந்து படியுங்கள். இறுதியில் வரையவோ நடிக்கவோ நேரம் ஒதுக்குங்கள்.

• குறித்த நாளில், குறித்த நேரத்தில் தவறாமல் செல்லுங்கள். இயலாத வாரத்தில் முன்னரே தெரிவியுங்கள்.

இறுதியாகச் சொன்னதே எல்லாவற்றினும் முதன்மையானது. ஆர்வத்தோடு வந்து மூன்றாம் வாரத்தில் மறைந்துவிடும் பெரியவரைக் காட்டிலும், குறைவாகவே கற்பித்தாலும் மாதந்தோறும் தொடர்ந்து வருபவரையே குழந்தை நம்புகிறது. தொடர் வைப்புக் கணக்கின் இயல்பை நம் வாடிக்கையாளர்கள் நன்கறிவர்: தொகை சிறிதாயினும் தவணை தவறலாகாது. வாரம் ஒரு மணி நேரம் என்னும் சேமிப்புக்கும் அதுவே விதி. அதன் முதிர்வுத் தொகை, ஒரு நாள் அக்குழந்தை யாருடைய துணையுமின்றிப் படித்து முடிக்கும் முதற் புத்தகம்.