கல் மலையை நம்பி வாழும் பாட்டுக் குருவி!

சேலம், நாமக்கல் பக்கம் எங்கே நின்று பார்த்தாலும் ஒரு கல் மலை கண்ணில் படும். "வெறும் பாறையும் முள்ளும்! இது யாருக்கு உதவும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஒரு குருவிக்கு அதுதான் வீடு! அதன் பெயர், மஞ்சள் தொண்டைச் சின்னான்.

கொண்டை இல்லாத சின்னான்

வீட்டுத் தோட்டத்துக்கு வரும் கொண்டைக் குருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலையில் கறுப்புக் கொண்டை. வாலுக்கு அடியில் சிவப்பு. அதைச் 'சின்னான்' என்றும் சொல்வார்கள். அதற்கு இது பங்காளி.

ஆனால் இதற்குக் கொண்டை கிடையாது. தலையும் தொண்டையும் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் இருக்கும். முதுகு சாம்பல் நிறம். வாலுக்கு அடியிலும் மஞ்சள். நீளம் சுமார் 20 சென்டிமீட்டர்.

கூச்சம் மிகுந்த பறவை இது. புதருக்குள் இருந்து குரல் வரும். எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம்!

எங்கே இருக்கிறது?

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சேர்வராயன் மலை இதற்குச் சொந்த ஊர்களில் ஒன்று. செஞ்சி, கர்நாடகத்தின் நந்தி மலை, ஆந்திராவின் ஹார்ஸ்லி மலை ஆகிய இடங்களிலும் உண்டு. பாறையும் புதரும் கலந்த மலைச் சரிவுதான் அதற்குப் பிடிக்கும்.

தென்னிந்தியாவைத் தாண்டினால் உலகத்தில் வேறு எங்கும் இந்தக் குருவி இல்லை!

மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன் என்ற வெள்ளைக்காரர், 1845-ம் ஆண்டில் இதைப் பற்றி முதன்முதலாக எழுதினார்.

காட்டுக்கு விதைக்கும் குடியானவன்

பூச்சிகளையும் காட்டுப் பழங்களையும் இது தின்னும். பழத்தின் விதை எச்சத்தோடு விழும். பாறை இடுக்கில் ஒரு செடி முளைக்கும். கூலி வாங்காமல் விதைக்கிறது குருவி!

என்ன ஆபத்து?

கல் குவாரிக்காகப் பாறைகளை உடைக்கிறார்கள். விறகுக்காகப் புதர்களை வெட்டுகிறார்கள். கோடையில் மலையில் தீ வைப்பதும் நடக்கிறது. இதனால் குருவி தங்கும் இடம் சுருங்குகிறது. அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் இதன் பெயரும் ஏறிவிட்டது.

வீடு கட்டக் கல் வேண்டும். ரோடு போட ஜல்லி வேண்டும். உண்மைதான். ஆனால் எல்லாக் குன்றையும் உடைத்துத்தான் ஆகவேண்டுமா? குருவி குடியிருக்கும் மலைகளையாவது விட்டுவைக்கலாமே!

அடுத்த முறை மலை ஏறும்போது குழந்தைகளைக் கொஞ்சம் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லுங்கள். புதருக்குள் காது கொடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் மஞ்சள் தொண்டை பளிச்சென்று தெரியும்.

கல் வேண்டுமானால் குவாரியில் கிடைக்கும். இந்தக் குருவி போய்விட்டால், அதை எந்தக் குவாரியில் தோண்டி எடுப்பது?