மாத்திரைச் சீட்டில் நடையையும் எழுதுங்கள், டாக்டர்!

வயாகரா ஆசையைக் கிளப்பும் மாத்திரை என்றுதான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது ரத்தக்குழாய்க்கான மருந்து. இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் நிறுவனம் நெஞ்சுவலிக்காக உருவாக்கிய, வயாகராவின் மூலமருந்தான சில்டெனாஃபில், நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை; வேறு இடத்தில் வேலை செய்தது. 1998 மார்ச்சில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது.

கிளர்ச்சி எழும்போது நரம்பு முனைகளிலும் ரத்தக்குழாயின் உட்சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அது உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள் குழாய்த் தசையைத் தளர்த்த, ரத்தம் பாய்ந்து விறைப்பு வருகிறது. அந்த வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை மாத்திரை தடுக்கிறது. அவ்வளவுதான். நைட்ரிக் ஆக்சைடே சரியாகச் சுரக்காவிட்டால்? அடுப்பு எரியாதபோது பாத்திரத்தை மூடி வைத்து என்ன பயன்! சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிகரெட், தொப்பை எல்லாமே கெடுப்பது அந்த உட்சுவரைத்தான். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது.

வேகமாக நடக்கும்போது விரைந்தோடும் ரத்தம் உட்சுவரை உரசுகிறது. அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கிறது. மாத்திரைக்கு வேலை செய்யச் சரக்கு கிடைக்கிறது. 2010-ல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் 60 ஆண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும். மறு பிரிவுக்கு மாத்திரையோடு வாரம் குறைந்தது 3 மணி நேர உடற்பயிற்சி. மூன்று மாதத்தில் இரண்டாம் பிரிவினர் தெளிவாக முந்தியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் உடல் இயங்கும் விதத்தோடு ஒத்துப்போகிற முடிவு.

எவ்வளவு நடக்க வேண்டும்? வாரம் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், ஆறு மாதம் என்பது 2018-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றின் கணக்கு. மூச்சு வாங்க வேண்டும், வியர்க்க வேண்டும். கடற்கரையில் அரசியல் பேசிக்கொண்டே உலாவி, முடிவில் பஜ்ஜி சாப்பிடுவது இதில் சேராது. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் பலருக்குக் கைகொடுக்கிறது. இதற்கு ஜிம் வேண்டாம், காசும் வேண்டாம். லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவர்கள் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள். சொன்னால் வியாபாரம் படுத்துவிடும்.

இன்னொன்று. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. அதனால் அடைப்பின் அறிகுறி அங்கே முதலில் தெரியும். மாரடைப்பு சில ஆண்டுகள் கழித்து வரக்கூடும். மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாகக் கேட்டு மாத்திரை வாங்குகிறவர், அந்த எச்சரிக்கையைத்தான் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுகிறார். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர் வயாகராவைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

ஆகவே, கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் பரிசோதித்த பிறகு, மாத்திரையோடு எவ்வளவு நடக்கலாம் என்பதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.