ஆமை முட்டையை ஏன் இடம் மாற்றுகிறார்கள்?

பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவம் முடியப் போகிறது. சென்னையில் பொதுமக்களுக்கான இரவு ஆமை நடை ஏறக்குறைய மார்ச்சோடு நின்றுவிடும் என்பதால் வாசகர் கடிதங்களில் ஒரே பதற்றம். சான்றிதழ் உண்டா, இது வனத்துறை முகாமா, தேர்வு முடிந்து பிள்ளையை அனுப்பலாமா? யாருமே கேட்காத கேள்விதான் முக்கியம்: இட்ட இடத்திலேயே முட்டையை விட்டுவிட்டால் என்ன?

பெசன்ட் நகர், நீலாங்கரை கரையில் 1988 முதல் முட்டையை இடம் மாற்றும் வேலையைச் செய்துவருவது மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு. இரவெல்லாம் நடப்பவர்கள் முக்கியமாகத் தேடுவது ஆமையின் தடத்தை. தடம் திரும்பும் இடத்தில் மணலைக் குச்சியால் மெல்லக் குத்துவார்கள். பொதுக்கென்று இறங்கினால் கீழே முட்டைக்குழி. கையாலேயே தோண்டி, நூறு சொச்சம் முட்டைகளை எண்ணி எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குடம்போலக் குழி பறித்துப் புதைக்க வேண்டும். எல்லாம் சில மணி நேரத்துக்குள். தாமதித்தால் கரு ஓட்டின் மேற்புறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டை புரண்டால் செத்துவிடும். அந்த அவசரத்தில் யார் தோண்டுவது, யார் எண்ணுவது, வேடிக்கைக் கூட்டத்தை யார் விலக்குவது என்பதை மாணவர்களே முடிவு செய்கிறார்கள். தலைமைப் பண்புக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

உறுத்தும் சங்கதி வேறு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் பெருகும். மேலும் ஏறினால் கருவே பிழைக்காது. ஆக, பொரிப்பகத்தில் நிழல்வலை கட்டுபவர் ஒரு தலைமுறையின் ஆண், பெண் விகிதத்திலேயே கைவைக்கிறார். இவ்வளவும் எதற்காக? இட்ட இடத்தில் விட்டால் நாய் தோண்டும். தப்பிப் பொரிந்த குஞ்சும் கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கைப் பார்த்து ஊரும். விளக்கை அணைப்பதற்குப் பதிலாக முட்டையைத் தூக்குகிறோம்.

அரசு அறிவிக்கும் எண்ணிக்கை கடலில் விட்ட குஞ்சுகளுடையது, பிழைத்தவற்றின் கணக்கல்ல. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்தாலே பெரிது என்கிறார்கள். வளர்ந்தவையும் மீன்வலையில் சிக்கிச் சாகின்றன: 2025 ஜனவரியில் சென்னை, சுற்றுவட்டாரக் கரைகளில் செத்து ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது.

சான்றிதழ்? அதற்காகத்தான் என்றால் அனுப்பாதீர்கள்.

வனத்துறை முகாமா? இல்லை, தன்னார்வலர்கள்.

செல்போன் பிளாஷ்? கூடவே கூடாது.

நாமே முட்டையை எடுத்து வைக்கலாமா? அனுமதியின்றி எடுத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தேர்வுக்குப் பிறகு? பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். ஏப்ரலில் குஞ்சு விடுவதைப் பார்க்கலாம்.

கடலோரம் குடியிருப்பவர்கள் குஞ்சுகள் கடல் சேரும்வரை இரவில் கடல் பார்த்த மாடி விளக்குகளை அணைத்துவையுங்கள்.