நகரும் பட்டறை மேசை

நட்டு 25 முதல் 30 ஆண்டுகளானதும் வெட்டிச் சாய்க்கப்படும் ரப்பர் மரம் ஒரு காலத்தில் பெரும்பாலும் அடுப்புக்கே போயிற்று. 1980ஆம் ஆண்டுகளிலிருந்து அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் உருமாறிக் கப்பலேறி வருகின்றது. மூவார் நகரின் தளவாடத் தொழிலுக்கு அடிப்படையாக இருப்பதும் அம்மரமே. பாலெடுக்கும் மரத்தின் பலகையையும் கையாளக் கற்க வேண்டுமென்று நம் இளைஞர்கள் சிலர் விரும்புவதில் வியப்பில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து பழைய வட்டரம்ப இயந்திரம் ஒன்றை வாங்கிவிடுகின்றனர். அதை எங்கே வைப்பது என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுகின்றது.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சடியில் வேலை நடக்கும். மாலையில் அவ்விடம் மற்றவர்களுக்கு வேண்டும். 100 கிலோ எடையுள்ள இரும்பை வாரந்தோறும் நால்வர் தூக்கி வைப்பதென்றால் முதுகுவலிதான் மிஞ்சும். ஆதலால் மேசைக்குச் சக்கரம் பூட்டலாமென்று தோன்றுவது இயல்பே. நமக்கும் அவ்வாறே தோன்றிற்று.

நாம் முதலில் செய்த மேசையில் நான்கு கால்களின் அடியிலும் சுழலும் சக்கரங்களைப் பூட்டினோம். இரண்டில் தடுப்பும் இருந்தது. தள்ளும்போது அழகாகத்தான் ஓடிற்று. ஆனால் ஏழடிப் பலகையொன்றை ரம்பத்துள் செலுத்தியபோது மேசை ஒரு சாண் நழுவியது. பலகையோடு கையும் முன்னே பாய்ந்தது. தள்ளுகோலைப் பிடித்திருந்தமையால் கோலின் நுனி மட்டுமே அறுபட்டது, விரல்கள் தப்பின. பிறகு ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. தடுப்பு சக்கரம் உருள்வதைத்தான் நிறுத்தும். சக்கரத்தின் தலை தன் அச்சில் திரும்புவதை அது நிறுத்துவதில்லை. நான்கு தலைகளும் சற்றே திரும்பினால் மேசை இடம்பெயர்வதற்கு அதுவே போதும்.

நகரும்போது பாரம் சக்கரத்தின்மீதும், வேலை செய்யும்போது மரக்கால்களின்மீதும் இருத்தல் வேண்டும். இரண்டாவது மேசையை இந்த ஏற்பாட்டின்படியே செய்தோம். அதன் நீளம் 48 அங்குலம், அகலம் 30 அங்குலம். கால்களுக்குப் பதப்படுத்தப்பட்ட மூன்றுக்கு மூன்று மரம். பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டு துளைத்து மாவாக்கிவிடும் என்பது விறகு அடுக்கியவர்களுக்குத் தெரிந்ததே. மூட்டுகளுக்கு ஆணி அடிக்கவில்லை. இயந்திரத்தின் அதிர்வில் ஆணி நாளடைவில் தளரும். மரையாணியாயின் மீண்டும் முடுக்கிக்கொள்ளலாம்.

மேசையின் உயரத்தைப் பலர் தவறாகக் கணக்கிடுகின்றனர். இடுப்புயரத்திற்கு வரவேண்டியது இயந்திரத்தின் மேற்பரப்பேயன்றி நாம் செய்யும் மேசையன்று. இயந்திரத்தின் உயரத்தைக் கழித்த பின்னரே கால்களை அறுத்தல் வேண்டும்.

இனி சக்கரம். மேசையின் இரு முனைகளிலும், கால்களுக்கு இடையே, ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மிதிபலகை ஒன்று இருக்கும். கால்களிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஒரு குறுக்குச் சட்டத்தைப் பூட்டி, மிதிபலகையைக் கீல்கொண்டு அதனோடு இணைக்க வேண்டும். பலகையின் உள் ஓரம் சட்டத்தின் அடியில் இரண்டு அங்குலம் நுழைந்திருக்கட்டும். அப்போதுதான் பாரம் கீலின் திருகாணிகளில் தொங்காமல் மரத்தின்மீது அமரும். கீலிலிருந்து நான்கு அங்குலத் தொலைவில், பலகையின் அடியில், இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரத்தைப் பூட்டுக. பலகையின் வெளி விளிம்பு மிதிப்பதற்கு. கீலிலிருந்து விளிம்புவரை 12 அங்குலமாதலால், காலால் 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் 80 கிலோவரை மேலெழும். பெரிய பாறையைக் கடப்பாரையால் நெம்பும் அதே கணக்குத்தான்.

மிதித்த பலகை மீண்டும் மேலெழாதிருக்க, விளிம்புக்கு நேர் மேலே கால்களை இணைக்கும் சட்டத்திலிருந்து ஒரு கட்டையைக் கீலில் தொங்கவிடுக. பலகை தாழ்ந்ததும் கட்டை தானே நேராக விழுந்து இடையில் நிற்கும். அது நேர்நிலையைத் தாண்டி ஆடாதவாறு ஒரு சிறு தடுப்பும், இழுத்து விடுவிக்க ஒரு கயிறும் தேவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஓர் அளவு. சக்கரத்தின் மொத்த உயரம் 5 அங்குலம், பலகை ஒன்றரை அங்குலம், கூட்டினால் ஆறரை. குறுக்குச் சட்டத்தின் அடிப்பகுதி கால்நுனியிலிருந்து சரியாக 6 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் பலகை மட்டமாக இருக்கும்போது கால்கள் தரையைவிட்டு அரை அங்குலம் எழும். அதற்குமேல் எழ வேண்டிய தேவையில்லை.

சக்கரம் வாங்கும்போது மொத்த எடையை நான்கால் வகுக்காதீர்கள். மூன்றால் வகுக்க வேண்டும். நம் சிமெந்துத் தரை எங்கே சமமாக இருக்கின்றது? எந்த நேரத்திலும் மூன்று சக்கரங்களே தரையில் நன்கு படும். இயந்திரம் 100 கிலோ, மேசை 50 கிலோ என்றால் ஒவ்வொன்றின் பங்கும் 50 கிலோ. 75 கிலோ தாங்கும் சக்கரமாக வாங்கினால் குழியில் இறங்கும் அதிர்ச்சியையும் தாங்கும். சிறிய சக்கரம் தரை வெடிப்பில் சிக்கிக்கொள்ளும். நான்கு அங்குல விட்டத்திற்குக் குறையலாகாது.

தள்ளுமுன் மின்செருகியைக் கழற்றிக் கம்பியைச் சுருட்டி மேலே வைத்துவிட வேண்டும். இயந்திரத்தைப் பிடித்துத் தள்ளாமல், மேசையின் சட்டத்தைப் பிடித்து அதன் நீளவாக்கில் தள்ளுக. வடிகாலைக் கடக்க நேரிட்டால் பலகை போடுவதோடு இருவராகச் செல்வதே நன்று. சேரிடத்தில் ஒருவர் மட்டுமே கயிற்றை இழுக்கட்டும். அரை அங்குல வீழ்ச்சிதானே என்று எண்ண வேண்டாம். அப்போது மரக்காலின் அடியில் கால்விரல் இருந்தால் 150 கிலோ மேசையின் ஒரு முனை அதன்மேல் இறங்கும். ஆகவே, இழுப்பவர் பக்கவாட்டில் நின்று, மற்றவர்களின் பாதங்களைப் பார்த்த பின்னரே இழுத்தல் வேண்டும்.