சூடான எண்ணெய்ப் பம்பு: தேய வேண்டியது வளையமே!

மிக்சர், காராசேவு போட்டு விற்கும் வணிகர்கள், எண்ணெய்ப் பம்பு வாங்குமுன் பிஸ்டனைக் கவனியுங்கள். பொரிக்கும் எண்ணெய் 180 டிகிரி வரை சூடேறும். சாதாரண ரப்பர் வாஷர் அதில் இறுகி வெடிக்கும். டெஃப்லான் வளையம் 260 டிகிரி வரை தாங்கும்.

50 மி.மீ. அலுமினிய பிஸ்டன், 150 டிகிரி சூடு ஏறினால் 0.17 மி.மீ. பருக்கும். எஃகுக் குழாய் அவ்வளவு விரியாது, பிஸ்டன் சிக்கும். சிக்கிய பிடியை இழுத்தால் எண்ணெய் தெறித்துக் கை வெந்துவிடும். செம்பு, பித்தளை பட்டால் எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிக்கும்.

எனவே அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் சொல்லிச் செய்யும்போது, குழாய், பிஸ்டன் இரண்டையும் ஒரே வகை எவர்சில்வரில் கேளுங்கள். இரண்டுக்கும் சிறிது இடைவெளி இருக்கட்டும். வளையத்தில் சாய்வாக ஒரு வெட்டு வேண்டும். சூட்டில் விரிய அதுவே இடம். ஒரே நட்டைக் கழற்றினால் வளையம் வெளியே வர வேண்டும். தேய்வது மலிவான வளையமாக இருந்தால் குழாய் தப்பும், வியாபாரமும் நிற்காது.