பழைய ஆட்டமும் புதிய பலகையும்

மனிதன் தன் எண்ணங்களைப் பதித்து வைக்கும் பொருள்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. கல், செப்பேடு, ஓலை, தாள் என நீண்ட அவ்வரிசையில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காந்தப் பூச்சுடைய நெகிழ்வட்டும் வந்து சேர்ந்தது. கல்லில் வெட்டியது ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கிறது. ஓலை சில நூற்றாண்டுகள் தாங்குகிறது. நெகிழ்வட்டோ ஒரு தலைமுறை முடிவதற்குள் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை இழக்கத் தொடங்கிவிடுகிறது. புதுமை மிக்க ஏடே விரைவில் அழியும் ஏடாகவும் அமைந்தது காலத்தின் விந்தை எனலாம்.

அவ்வட்டுகளில் எழுதப்பட்டவற்றுள் ஒருவகை, டாஸ் என்னும் இயக்க அமைப்பில் ஓடிய கணினி விளையாட்டுகள். அவற்றை இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினியில் மீண்டும் ஓடச் செய்கின்றனர். விளையாட்டுத்தானே என்று பெரியோர் சிலர் இதனை ஒதுக்கக் கூடும். ஆயின், இதனுள் அடங்கிய நுட்பமும் இது எழுப்பும் வினாவும் விளையாட்டானவை அல்ல. அவற்றை இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

டாஸ் உலகம்

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் மையச் செயலகம் இன்டெல் 8088. அதன் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்புகள். அதனை இயக்க மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிய அமைப்பே டாஸ். கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மின்னிக் கொண்டிருக்கும். பயனர் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். நிரல்களுக்குக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட் என்னும் எல்லைக்கு உட்பட்டது.

இக்குறுகிய இடத்திற்குள்தான் அக்கால நிரலாளர்கள் மாளிகைகளையும் சுரங்கங்களையும் எழுப்பினர். 1987இல் வந்த வி.ஜி.ஏ. திரை அமைப்பு, குறுக்கே 320 நெடுக்கே 200 புள்ளிகளில் 256 வண்ணங்களைக் காட்டியது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை இசையையும் குரலையும் தந்தது. 1992இல் உல்ஃபென்ஸ்டைன், 1993இல் டூம் ஆகியவை முப்பரிமாணத் தோற்றத்தைத் திரையில் உருவாக்கின.

இவற்றுள் ஜோர்டான் மெக்னர் உருவாக்கிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா தனியே சுட்டத்தக்கது. 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்த அது, 1990இல் டாஸுக்கு வந்தது. தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் ஒளிநாடாவில் பதிவு செய்து, அப்படங்களை ஒவ்வொன்றாக வரைந்தெடுத்தே இளவரசனின் அசைவுகளை மெக்னர் அமைத்தார். விளிம்பைப் பற்றித் தொங்கும் கைகளிலும், தாவி இறங்குகையில் மடங்கும் முழங்காலிலும் உயிர் இருப்பதற்குக் காரணம் அதுவே. இத்தகைய படைப்பினை ஒரு காலத்தின் கலை எனக் கொள்வதில் தவறில்லை.

சிறு பலகையின் பிறப்பு

இனி, இவ்விளையாட்டுகள் குடியேறிய புதிய இல்லத்தைக் காண்போம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயில விண்ணப்பிக்கும் மாணவரின் எண்ணிக்கையும் நிரலாக்கத் திறனும் குறைந்து வருவதை எபன் அப்டன் முதலிய சிலர் உணர்ந்தனர். 1980களின் வீட்டுக் கணினி, சிறுவரை நிரல் எழுதத் தூண்டியது. பின்வந்த கணினிகளோ உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை மூடி மறைத்தன. இக்குறையைப் போக்கும் நோக்கத்துடன் பிறந்ததே ராஸ்ப்பெரி பை. 2012 பிப்ரவரி 29ஆம் நாள் 35 டாலர் விலையில் அது வெளிவந்தது. நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். வங்கி அட்டையின் அளவே.

அம்முதற் பலகையின் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 மெகாபைட். 1981ஆம் ஆண்டுக் கணினியோடு ஒப்பிட்டால் துடிப்பில் ஏறத்தாழ 147 மடங்கு. டாஸின் 640 கிலோபைட்டோடு ஒப்பிட்டால் நினைவகத்தில் 400 மடங்குக்கும் மேல். 2023இல் வந்த ஐந்தாம் தலைமுறைப் பலகை 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையது.

இவ்வளவு ஆற்றல் இருக்கையில் பழைய விளையாட்டை அப்படியே எடுத்து இதில் இட்டால் ஓடாதா? ஓடாது. இங்கேதான் நம் பொருளின் மையம் இருக்கிறது.

மொழி வேறுபாடும் போலச் செய்தலும்

செயலகம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கட்டளை மொழி உடையது. டாஸ் விளையாட்டுகள் இன்டெல் செயலகத்தின் மொழியில் அமைந்தவை. ராஸ்ப்பெரி பையின் செயலகமோ ஆர்ம் வகையைச் சேர்ந்தது. அது கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் வடிவமைத்து, 1985இல் முதன்முதலாக இயங்கிய மரபின் வழி வந்தது. ஒன்றன் மொழி மற்றதற்குப் புரியாது.

ஆகவே இடையில் ஓர் உரைகாரர் வேண்டும். எமுலேட்டர் எனப்படும் மென்பொருளே அவ்வுரைகாரர். அது புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியை நிரல் வடிவில் படைக்கிறது. அங்கு இன்டெல் செயலகம் இல்லை. ஆயினும் அச்செயலகம் என்ன செய்யுமோ அதனை அது செய்து காட்டுகிறது. இதனைப் ‘போலச் செய்தல்’ என நாம் வழங்கலாம்.

டாஸ் விளையாட்டுகளுக்கெனப் பெரிதும் வழங்கும் எமுலேட்டர் டாஸ்பாக்ஸ். 2002இல் முதல் வடிவம் வெளிவந்த இம்மென்பொருளைத் தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கினர். செயலகம் மட்டுமன்றி, திரை அட்டை, ஒலி அட்டை, கடிகாரச் சில்லு, டாஸ் அமைப்பு ஆகிய அனைத்தையும் அது தானே போலச் செய்கிறது. எனவே தனியாக டாஸை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை.

உரைகாரர் இருவகையில் பணி செய்யலாம். முதலாவது, விளையாட்டின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து அவ்வப்போதே பொருள் கூறுவது. இது பிழை குறைந்தது, ஆயினும் மெதுவானது. பழைய கட்டளை ஒன்றனைச் செய்து முடிக்கப் புதிய கட்டளைகள் பல தேவைப்படும். இரண்டாவது, ஒரு பகுதியை மொத்தமாக ஆர்ம் மொழியில் பெயர்த்து வைத்துக்கொண்டு, அப்பகுதி மீண்டும் வரும்போதெல்லாம் பெயர்த்ததையே பயன்படுத்துவது. இது விரைவானது. 1980களின் எளிய ஆட்டங்கள் முதற் பலகையிலேயே நன்கு ஓடியபோதும், டூம் போன்ற கனமான ஆட்டங்கள் அதில் தடுமாறின. பின்வந்த பலகைகளின் ஆற்றல் அத்தடையை நீக்கிற்று.

வேகம் மிகுந்தாலும் கேடு

வேகக் குறைவு மட்டுமே இடர் அன்று; வேக மிகுதியும் இடரே. அக்கால நிரலாளர் பலர், தம் முன்னிருந்த கணினியின் வேகம் என்றும் மாறாது என்பதுபோல் எழுதினர். எதிரி ஓரடி நகர்ந்தபின், வெற்று எண்ணிக்கை ஒன்றனைச் செயலகத்தை எண்ணச் செய்து காலம் கடத்தினர். செயலகம் பன்மடங்கு விரைவானபோது அவ்வெண்ணிக்கை கணத்தில் முடிந்து, எதிரி கண்ணிமைப்பதற்குள் திரையைக் கடந்தான். வேறு சிலர் நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை துடிக்கும் கடிகாரச் சில்லினை நம்பி எழுதினர். அவர்களின் ஆட்டங்கள் கணினி மாறியபோதும் பெரும்பாலும் நிதானம் தவறவில்லை.

இதற்காகவே டாஸ்பாக்ஸில் ‘சைக்கிள்ஸ்’ என்னும் அமைப்பு உள்ளது. ஒரு மில்லிநொடியில் எத்தனை கட்டளைகளைச் செய்ய வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. 3000 எனக் குறித்தால் நொடிக்கு 30 இலட்சம் கட்டளைகள். கன்ட்ரோல் விசையுடன் எஃப்11ஐ அழுத்தினால் வேகம் குறையும். எஃப்12ஐ அழுத்தினால் கூடும். விரைவாக ஓடத் தெரிந்த கணினியைக் காலத்திற்கேற்ப மெல்ல நடக்கப் பழக்குவதே இங்குள்ள கலை.

திரையிலும் ஒரு நுட்பம் உண்டு. 320க்கு 200 என்னும் படம், நான்குக்கு மூன்று என்ற அளவுடைய பழைய திரையை நிரப்பியது. எனவே ஒவ்வொரு புள்ளியும் சற்றே உயரமாகத் தோன்றியது. ஓவியரும் அதனைக் கருத்திற்கொண்டே வரைந்தார். இன்றைய திரையில் அதனை அப்படியே இட்டால் வட்டம் நசுங்கும், வீரன் குள்ளமாவான். இதனைச் சரிசெய்யும் அமைப்பும் டாஸ்பாக்ஸில் உள்ளது. ஆயினும் பழைய கண்ணாடித் திரையின் மென்மையான ஒளிர்வை இது முழுமையாகத் தருவதில்லை. உரை எத்துணைச் சிறந்ததாயினும் அது மூலம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

செய்முறை

செய்முறை எளிது. சிறு நினைவட்டை ஒன்றில் ராஸ்ப்பெரி பையின் இயக்க அமைப்பை எழுதிப் பலகையில் செருக வேண்டும். விசைப்பலகையையும் திரையையும் இணைத்து மின்சாரம் தந்தபின், இணையத்தின் வழி டாஸ்பாக்ஸை நிறுவலாம். விளையாட்டுக் கோப்புகளை ஒரு கோப்புறையில் இட்டு, ‘மவுண்ட்’ கட்டளையால் அதனைச் ‘சி’ வட்டாகக் காட்ட வேண்டும். பின்னர்ச் ‘சி’ வட்டுக்குச் சென்று விளையாட்டின் பெயரைத் தட்டினால் பழைய உலகம் கண்முன் விரியும். கணினித் துறை சாராத மாணவரும் ஒரு பிற்பகலில் இதனைச் செய்துவிடலாம். செய்து முடிக்கையில் செயலகம், நினைவகம், கோப்பு என்பன வெறும் சொற்களாக இல்லாமல் கைப்பட்ட பொருள்களாகிவிடும். சிறு பலகையைப் படைத்தோரின் நோக்கமும் இதுவே அன்றோ?

உரிமையும் காப்பும்

இனி அறம் சார்ந்த வினா ஒன்று எழுகிறது. பழைய ஆட்டம் என்பதனாலேயே அது எல்லோர்க்கும் பொதுவாகிவிடாது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1984இல் செய்த திருத்தத்திற்குப்பின் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்னும் வகைக்குள் அடக்குகிறது. இலக்கிய மாணவர் ஊன்றி நோக்கத்தக்க செய்தி இது. காப்பியம் எழுதியவர்க்கு உள்ள உரிமை நிரல் எழுதியவர்க்கும் உண்டு. ஆகவே நேரிய வழியில் பெறுவதே முறை. டூம் ஆட்டத்தின் முதற் பகுதி தொடக்கத்திலேயே எல்லோரும் பகிர வழங்கப்பட்டது. வேறு பல பழைய ஆட்டங்கள் டாஸ்பாக்ஸுடன் இணைக்கப்பட்டு இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

எனினும் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று, அந்நாட்டின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. இத்தகையவற்றை ஆய்வாளர்கள் நூலகத்திற்கு நேரில் வராமலே பயன்படுத்த விலக்களிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. விற்பாரும் இல்லை; காப்பார்க்கு வழியும் குறுகியது. இடையில் வட்டுகளோ ஒவ்வொரு நாளும் மங்குகின்றன.

மங்கிய வட்டிலிருந்து மீட்சி நிகழ்ந்ததற்கும் சான்று உண்டு. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் ஆப்பிள் 2 மூல நிரல் தொலைந்ததாகவே நெடுநாள் கருதப்பட்டது. 2012இல் மெக்னரின் தந்தையார், பழைய பெட்டி ஒன்றில் அவ்வட்டுகளைக் கண்டெடுத்தார். பழங்கணினி வல்லுநர் துணையுடன் அவற்றைப் படித்தெடுத்த மெக்னர், அந்நிரலை உலகோர் காண வெளியிட்டார். இன்னும் சில ஆண்டுகள் கழிந்திருப்பின் என்ன கிடைத்திருக்கும் என்று எவரே உறுதி கூறவல்லார்?

நமக்குரிய பாடம்

தமிழ் பயில்வோர்க்கு இதில் புதுமை இல்லை. ஓலை செல்லரிப்பதற்கு முன் படியெடுத்தல் ஒரு பணி. படியெடுத்ததைப் படிக்கத் தெரிதல் மற்றொரு பணி. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாத, ரகரத்திற்கும் காலுக்கும் வேறுபாடு காட்டாத சுவடியைப் படிக்கப் பயின்ற கண் வேண்டும். அக்கண் இல்லையேல் ஏடு இருந்தும் இல்லாததே. வட்டினைப் படியெடுப்பது முதற்பணி. அதனைப் படிக்கவல்ல கண்ணே எமுலேட்டர்.

இத்தேவை விளையாட்டோடு முடிவதன்று. டாஸ் காலத்தில் தமிழில் எழுத உதவிய மென்பொருள்கள், தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களை வழங்கின. ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடமளித்தபோதும், அது மக்கள் வழக்கில் பரவப் பல ஆண்டுகள் ஆயின. அவ்விடைக்காலத்தில் தட்டச்சான ஆய்வேடுகளும் மலர்களும் கடிதங்களும், எழுதிய மென்பொருள் இன்றித் திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றைத் திறக்கவும் இதே போலச் செய்தல் துணை புரியும்.

எனவே மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. வீட்டில் பழைய நெகிழ்வட்டு இருப்பின் அதனை எறியற்க. உள்ளிருப்பதைப் படியெடுத்து, எந்த ஆண்டில் எந்த மென்பொருளில் எழுதியது என்பதைப் பெரியோரிடம் கேட்டுக் குறித்து வைக்க. ஓர் ஆட்டத்தை ஓடவைக்கக் கற்ற கை, நாளை ஓர் ஆய்வேட்டையும் மீட்கும். ஏடு காத்தல் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடன். ஏட்டின் வடிவம் மாறினும் அக்கடன் மாறுவதில்லை என்பதே நம் துணிபு.