ஃபீஸ் போனால் போதுமா?

"ஃபீஸ் தள்ளுபடின்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்குடா பணம் கேட்கிறே?" மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா, மகனிடம் கேட்ட கேள்வி இது. மகன் நம்மோடு படிப்பவன்தான், பெயர் வேண்டாம். உயர்கல்வியை எல்லோருக்கும் இலவசமாக்கலாமா என்று நாம் போடும் பட்டிமன்றத்தின் முடிச்சே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மில் முதலாளி மகனுக்கும் ஏன் இலவசம் என்று சிலர் கேட்கிறார்கள். உப்பளத் தொழிலாளி வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. அந்தப் பணத்திலா அவன் படிப்பது? நியாயமான கேள்விதான். 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு வழி சொன்னது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி 'ஃப்ரீ சீட்', பாதி 'பேமெண்ட் சீட்'. வசதியுள்ளவர் கூடுதலாகக் கட்டுவார், மற்றவர் குறைந்த கட்டணத்தில் படிப்பார். நடந்ததோ தலைகீழ்! நல்ல பள்ளியில் படித்து மார்க் வாங்கிய வசதியான வீட்டுப் பிள்ளைகளே ஃப்ரீ சீட்டில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார்கள். 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைச் சுட்டிக்காட்டி, அந்தத் திட்டத்தையே செல்லாது என்றது.

சரி, ஏழைக்கு மட்டும் கொடுக்கலாம் என்றால் சான்றிதழுக்கு அலைய வேண்டும். தமிழ்நாட்டில் 2010-ல் வந்த முதல் பட்டதாரி சலுகை நல்ல திட்டம். ஆனால் வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கிவிட்டால் தங்கச்சிக்குக் கிடையாது.

இலங்கையில் 1945 முதலே பல்கலைக்கழகம் வரை இலவசம். அங்கேயும் 1981-ல் 'மகாபொல' உதவித்தொகை தேவைப்பட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் மாணவன் சாப்பிட வேண்டுமே!

நம்ம ஊர்க் கணக்கு இன்னும் சிக்கல். தை மாதம் பாத்தியைச் சீர்செய்து மிதித்தால், புரட்டாசி வரை உப்பு விளையும். வெயில் ஏற ஏற வேலையும் கூலியும் ஏறும். அந்த நேரத்தில்தான் நமக்கு இரண்டாவது செமஸ்டர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பாத்தியை மூழ்கடித்தால் வீட்டில் வருமானமே கிடையாது. அப்போதுதான் ரெக்கார்ட் நோட்டு, பரீட்சைச் செலவு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நம் நண்பன் செலவை எழுதிக் காட்டினானாம். அம்மா கேட்டாராம்: "நீ அளத்துக்கு வந்திருந்தா கிடைச்சிருக்கிற கூலியை எங்கடா எழுதினே?"

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022-ல் புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் வந்தன. அந்தக் கூலிக் கணக்கை அரசு ஓரளவு தொட்டது இங்கேதான்.

என் கட்சி இதுதான்: அரசுக் கல்லூரிகளில் கட்டணத்தை எல்லோருக்கும் எடுத்துவிடலாம், சான்றிதழ் அலைச்சலாவது மிச்சமாகும். முதலாளியிடம் வாங்க வேண்டியதை வருமான வரியில் வாங்கிக்கொள்ளட்டும். அதோடு உப்பளத்து வீட்டுப் பிள்ளைக்கு மழை மாதங்களில் உதவித்தொகையைக் கூட்டித் தர வேண்டும். அதுவும் பரீட்சை ஃபீஸுக்குக் கடைசித் தேதி முடிந்த பிறகல்ல, அதற்கு முன்பே.